கி.ரா.வில் முதலில் எதை எடுப்பது?

அண்ணன் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். போன வாரம் போனில் எழுத்தாளர் கி. ராஜநாராயணனை, அதாவது கி.ரா.வைப் பற்றிக் கேட்டாள். "அத்தை, கி.ரா. படிக்கலாம்னு இருக்கேன். மூணு புத்தகம் சொல்றாங்க. கோபல்ல கிராமம்னு ஒருத்தர், சிறுகதைகள்னு ஒருத்தர், கரிசல் காட்டுக் கடுதாசின்னு இன்னொருத்தர். எதை முதல்ல வாங்கட்டும்?"

உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. "ரெண்டு நாள் பொறு, சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். மூன்றுமே நல்ல புத்தகம், எதையாவது எடு என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கி.ரா. விஷயத்தில் அப்படிச் சொல்லிக் கொடுத்து ஒரு நல்ல வாசகரை நான் இழந்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பிறந்தது கும்பகோணம் பக்கம். வாழ வந்தது சாத்தூர் பக்கத்துக் கரிசலில். வயல் என்றால் தண்ணீர் நிற்கிற இடம் என்று நினைத்து வளர்ந்தவளுக்கு, மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் வெறும் காடு என்கிற புஞ்சை நிலம் முதலில் ஒன்றுமே புரியவில்லை. வந்த வருஷம் ஐப்பசி மழையில் செருப்போடு காட்டுக்குள் இறங்கினேன். பத்தடி நடப்பதற்குள் கரிசல் மண் செருப்பின் அடியில் அப்பி அப்பி நான் நாலு விரற்கடை உயர்ந்துவிட்டேன். அதற்கு மேல் காலைத் தூக்க முடியவில்லை. மாமியார் வரப்பில் நின்றபடி, "செருப்பக் கழத்திக் கையில எடு தாயி" என்றார். கி.ரா.வைப் படிக்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்லத் தோன்றுகிறது. வேறு ஊரில் போட்டுப் பழகிய செருப்பு இந்த மண்ணுக்குள் உதவாது.

கி. ராஜநாராயணன் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவலில் பிறந்தவர். 2021 மே 17 அன்று புதுச்சேரியில் காலமானார். அரசு மரியாதையோடு இடைசெவலில்தான் அடக்கம் செய்தார்கள். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினேன், அங்கேயும் பாடத்தைப் பார்க்காமல் மழையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். அப்படிப்பட்டவரைப் பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அதே இடைசெவலில் அதே தலைமுறையில் பிறந்த கு. அழகிரிசாமி இவருடைய உயிர் நண்பர். அழகிரிசாமிக்கு 1970-லும் கி.ரா.வுக்கு 1991-லும் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. ஒரே சின்ன ஊருக்கு இரண்டு விருது. இப்போதும் அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொள்வேன்.

கி.ரா. எழுதியவற்றைக் கடையில் மூன்று தட்டாகப் பிரித்து வைக்கலாம். நாவல்களில் இருப்பது வரலாறு, சிறுகதைகளில் இருப்பது புனைவு, கட்டுரைகளில் இருப்பது அன்றாட வாழ்க்கை என்று. பிரித்து வைக்கலாமே தவிர, உள்ளே போனால் அந்தத் தடுப்பு எதுவும் நிற்காது. நாவலில் வரலாற்றைச் சொல்வது ஒரு கிழவி. கட்டுரையில் வருவது பாதி கதை. கதையில் வருவது ஏதோ ஒரு வருஷத்துத் தீர்வைப் பாக்கி. அதனால் வரலாறு பிடிக்குமா, கதை பிடிக்குமா என்று கேட்டு அவர் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பது என் எண்ணம். படிக்கிறவரின் காது எவ்வளவு பழகியிருக்கிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கி.ரா. பேச்சை எழுதியவர். பேச்சு காதில் விழாவிட்டால் அவர் எழுத்தில் பாதி கிடைக்காது.

வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன். முக்கால்வாசிப் பேர் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

'கோபல்ல கிராமம்' 1976-ல் வந்தது. ஊருணியில் தண்ணீர் குடிக்க வந்த ஒரு பெண்ணை, அவள் போட்டிருக்கும் நகைக்காக ஒரு கள்ளன் தண்ணீருக்குள் அமுக்கிவிடுகிறான். அவள் அவன் கால் பெருவிரலைப் பல்லால் கவ்விக்கொள்கிறாள். உயிர் போன பிறகும் அந்தப் பிடி விடவில்லை. கள்ளன் அகப்படுகிறான். ஊரின் பெரிய குடும்பமான கோட்டையார் வீட்டு முன்னால் விசாரணை நடக்கிறது. கடைசியில் கழுவேற்றம், கூரிய மரத்தில் ஏற்றிக் கொல்லும் தண்டனை. கதையின் ஒரு கால் இங்கே ஊன்றியிருக்கிறது. இன்னொரு கால், நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாளின் நினைவில். அவள் தன் முன்னோர் ஆந்திரத்திலிருந்து ஓடி வந்த கதையைச் சொல்கிறாள். சென்னாதேவி என்ற அழகி, அவளை அடைய நினைத்த ஒரு ராஜா, அவனுக்குத் தப்பி இரவோடு இரவாகக் கிளம்பிய குடும்பம், குறுக்கே ஒரு ஆறு, அதைக் கடக்க வளைந்து கொடுத்த மரம், தெற்கே வந்து காட்டைக் கொளுத்தி நிலமாக்கியது என்று அது போகும்.

இதை வரலாறு என்று எடுத்துக்கொள்வதா, கதை என்று எடுத்துக்கொள்வதா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல்தான் பலர் இந்த நாவலில் இடறுகிறார்கள். விஜயநகரத்தின் ஆட்சி தெற்கே பரவியபோதும், மதுரையில் நாயக்கர் ஆட்சி ஏற்பட்ட பிறகும் தெலுங்கு பேசும் குடிகள் பல அலைகளாகத் தமிழ்நாட்டுக்கு வந்து குடியேறியது வரலாறு. பெண் கேட்ட ராஜாவும், வளைந்து கொடுத்த மரமும் அந்தக் குடிகள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்ட கதை. தெலுங்கு பேசும் ஒரு சாதியாரிடம் மட்டுமல்ல, பல சாதியாரிடமும் இதே கதை சின்னச் சின்ன மாற்றத்தோடு இருக்கிறது. ஆறு வழிவிட்டது என்று சிலர் சொல்வார்கள், மரம் வளைந்தது என்று சிலர். ஆகவே அந்த ராஜா யார், எந்த வருஷம் என்று தேடிக்கொண்டு போகிறவருக்கு இந்த நாவல் விடை தராது. ஊரை விட்டு ஓடி வந்தவர்கள் முந்நூறு நானூறு வருஷம் கழித்து அந்த ஓட்டத்தை எப்படி நினைவில் வைத்திருந்தார்கள் என்று அறிய விரும்புகிறவருக்கு, தமிழில் இதைவிட நல்ல புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

நாவலின் கடைசியில் கும்பினிக்காரன் ஆட்சி, அதாவது வெள்ளைக்காரனின் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி, எட்டிப் பார்க்கிறது. அதுவரைக்கும் ஊர் தன் வழக்கைத் தானே தீர்த்துக்கொள்கிறது. தீவட்டிக் கொள்ளைக்காரர்கள் வந்தால் தானே எதிர்த்து நிற்கிறது, குற்றவாளிக்குத் தானே தண்டனை கொடுக்கிறது. இனி அப்படி இருக்க முடியாது என்பதைச் சத்தம் போடாமல் சொல்லி முடிகிறது. அந்தக் கழுவேற்றத்தை முதன்முதலில் படித்தபோது இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. அதைக் கொடுமை என்று அவர் எழுதவும் இல்லை, நியாயம் என்று எழுதவும் இல்லை. ஊர் எப்படி நடந்துகொண்டதோ அப்படியே எழுதுகிறார். கழுவில் இருந்தபடி செத்தவன் அந்த மக்கள் மனத்தில் பிறகு என்னவாகிறான் என்பதை அவர் காட்டும் இடத்தில்தான், நம் ஊர் எல்லையில் நிற்கிற சாமிகள் எப்படிப் பிறந்திருக்கும் என்று எனக்கு ஒரு துளி விளங்கியது.

குறையும் உண்டு, சொல்லத்தான் வேண்டும். கோபல்ல கிராமத்தில் பேசுவது நிலம் உள்ளவர்களின் நினைவு. காடு அழித்து நிலம் கண்டவர்கள் நாங்கள் என்ற பெருமை அதில் இருக்கிறது. அந்த நிலத்தில் கூலிக்கு நின்றவர்களுக்கும் ஒரு கிழவி இருந்திருப்பாள், அவளிடமும் ஒரு கதை இருந்திருக்கும். அது இந்த நாவலில் இல்லை. அந்தப் பக்கத்தைக் கொஞ்சமாவது பார்க்க வேண்டுமென்றால் அவருடைய 'கிடை' குறுநாவலுக்குத்தான் போக வேண்டும். ஆடுகள் பருத்திக்காட்டில் விழுந்து மேய்ந்துவிட்டன என்று ஒரு விசாரணை. அந்த விசாரணைக்கு அடியில், தாழ்த்தப்பட்ட குடிப் பெண் ஒருத்திக்கும் மேல்சாதிப் பையன் ஒருவனுக்கும் இருந்த பிரியம் எப்படி மண்ணைப் போட்டு மூடப்படுகிறது என்று அதில் வரும். 'ஒருத்தி' என்ற படமாக வந்தது இந்தக் கதைதான். சின்னப் புத்தகம், ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம்.

நான் செய்த தவறும் இந்த வரலாற்றுத் தட்டில்தான் நடந்தது. பணி ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியர் எங்கள் குடும்ப நண்பர். பெரிய படிப்பாளி. சரித்திரம் என்றால் அவருக்கு உயிர். விருது வாங்கிய புத்தகம் என்பதால் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலை அவருக்குக் கொடுத்தேன். ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1991-ல் சாகித்திய அகாதமி வாங்கிய நாவல். முன்பாதியில் கிட்டப்பன், அச்சிந்தலு இருவரின் காதல். பின்பாதியில் சுதந்திரப் போராட்டம் அந்த ஊருக்குள் எப்படி நுழைந்தது என்பது. இரண்டு பாதியும் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிணைந்திருக்கவில்லை என்பது என் கருத்து. ஆனால் கோபல்ல கிராமத்தைப் படித்துவிட்டு வருகிறவருக்கு அது உறுத்தாது. ஊர் ஏற்கெனவே தெரியும், கோட்டையார் வீடு தெரியும், சொந்த ஊருக்குத் திரும்பி வந்த மாதிரி உள்ளே போய்விடுவார். எங்கள் ஆசிரியருக்கு அந்த முன்கதை இல்லை. ஐம்பது பக்கத்தில் நிறுத்திவிட்டார். "பேச்சுத் தமிழ் ரொம்ப இருக்கும்மா" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு கி.ரா. பேரைச் சொன்னாலே ஒரு சின்னத் தலையசைப்போடு சரி. கடைசிவரை அவர் கி.ரா.வைப் படிக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. விருது எந்தப் புத்தகத்துக்கு என்று பார்த்து முதல் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

இந்த வரிசையில் மூன்றாவது 'அந்தமான் நாயக்கர்'. முதல் இரண்டையும் முடித்தவர்களுக்கானது. அவ்வளவு சொன்னால் போதும்.

கட்டுரைகளுக்கு வருகிறேன். 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது அந்தப் பத்திரிகையை வாங்குகிற எல்லோரும் படித்தார்கள். இலக்கியம் படிக்கிறவர்கள் என்று தனியாக ஒரு கூட்டம் தேவைப்படவில்லை. டீக்கடையில் படித்தார்கள், சலூனில் படித்தார்கள். ஒவ்வொன்றும் சிறியது. ஊர் மனிதர்கள், வெள்ளாமை, சாப்பாடு, சடங்கு, பழமொழி, கேலி என்று எது வேண்டுமானாலும் வரும். கடுதாசி என்று பெயர் வைத்ததே அழகு. எழுதி முடித்ததை ஒரு தரம் வாசித்துப் பார்த்து உறைக்குள் போடுகிற கடுதாசிக்கு ஒரு அவசரமும் ஒரு உரிமையும் இருக்கும் அல்லவா, அது அந்த எழுத்து முழுக்க இருக்கிறது.

அன்றாட வாழ்க்கைதானே, இதுதான் எளிது, இதிலிருந்தே தொடங்கலாமே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு யோசித்தேன். கடுதாசி யாருக்கு எழுதப்பட்டது? கிராமத்திலிருந்து பட்டணத்துக்குப் போய் ஊர் நினைப்பாகவே இருந்த ஒரு தலைமுறைக்கு. அவர்களுக்குக் கம்மங்கஞ்சி என்றால் வாயில் அந்தப் புளிப்பு வந்துவிடும். தொழு என்றால் மாட்டு மூத்திர வாடை வந்துவிடும். கி.ரா. ஒரு வார்த்தை சொன்னால் மீதியை அவர்களே இட்டு நிரப்பிக்கொள்வார்கள். என் அண்ணன் மகளுக்கு அந்த மீதி கிடையாது. அவளுக்கு அது ருசியான தகவல்களாகப் போய்விடும். பத்துக் கட்டுரை படிப்பாள், நன்றாக இருக்கிறது என்பாள், மேஜையில் வைத்துவிடுவாள். பழக்கம் விட்டுப்போனதை ஞாபகப்படுத்துகிற எழுத்து, பழக்கமே இல்லாதவர்களிடம் அதே வேலையைச் செய்யாது.

ஆனால் வேறு ஒருவருக்கு இதுதான் முதல் புத்தகம். என் கொழுந்தனார் துபாயில் இருக்கிறார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கதைப் புத்தகம் எதுவும் எடுத்ததில்லை. போன தடவை வந்து திரும்பும்போது கடுதாசியைப் பெட்டியில் வைத்துவிட்டேன். மாதம் ஒரு தரமாவது போனில் அதிலிருந்து ஏதாவது ஒன்றைச் சொல்கிறார். "மதினி, நம்ம அப்பச்சி சொல்லுவாகள்ல, அதே மாதிரி எழுதியிருக்காரு." அவருக்கு நாவலைக் கொடுத்திருந்தால் ஒருவேளை திறந்திருக்கவே மாட்டார்.

இனிச் சிறுகதைகள்.

கி.ரா.வின் ஒரு சிறுகதையை என் மாமியாருக்கு வாசித்துக் காட்டிய மத்தியானத்தை இங்கே சொன்னால் மற்றது தானாக விளங்கும். மாமியாருக்கு எழுத்து தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து 'கதவு' கதையைச் சத்தமாக வாசித்தேன். ஏழைக் குடும்பம். அப்பா வேலைக்கு வெளியூர் போனவர், பணமும் வரவில்லை, கடுதாசியும் வரவில்லை. லட்சுமியும் சீனிவாசனும் வீட்டுக் கதவில் தொத்திக்கொண்டு பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள். சீனிவாசன் எங்கோ கிடைத்த தீப்பெட்டிப் படத்தைக் கொண்டு வந்து அந்தக் கதவில் ஒட்டுகிறான். தீர்வைப் பாக்கிக்காகத் தலையாரி ஆட்களோடு வந்து அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறான். முதலில் குழந்தைகளுக்கு அது கூட ஒரு விளையாட்டாகத் தெரிகிறது. பிறகு கார்த்திகைக் குளிர் கதவில்லாத வீட்டுக்குள் நுழைகிறது. கைக்குழந்தை போய்விடுகிறது.

மாமியாரின் கை நின்றுவிட்டது. ஒரு வத்தல் விரலிடுக்கில் அப்படியே இருந்தது. நான் நிறுத்தினேன். "வாசி" என்றார். சாவடிக்குப் பின்னால் கிடக்கிற கதவைக் குழந்தைகள் கண்டுபிடிப்பதையும், அதைக் கட்டிப் பிடித்துக்கொள்வதையும் வாசித்து முடித்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "பொறவு கதவ வீட்டுக்குக் கொண்டாந்தாகளா?" கதை அங்கேயே முடிந்துவிட்டது என்றேன். ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போனவர் திரும்பி வந்து, தான் சிறு பெண்ணாக இருந்தபோது எங்கள் தெருவில் ஜப்தி வந்து ஒரு வீட்டுத் தவலையையும் அண்டாவையும் தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

சிறுகதையிலிருந்து தொடங்கு என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். 'கதவு' கதைக்குக் கரிசலைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம். கதவில் தொத்தி ஆடிய குழந்தை எல்லா ஊரிலும் உண்டு. கதை நம்மைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற வேகத்தில், தெரியாத சொற்கள் தாமாகவே பொருள் சொல்லிவிட்டுப் போகும். தீர்வை என்றால் நிலவரி என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, தலையாரி வந்து நிற்கிற தோரணையிலேயே அது விளங்கிவிடும். வரலாறும் இதற்குள் இருக்கிறது, அன்றாட வாழ்க்கையும் இருக்கிறது. மழை பொய்த்த வருஷத்திலும் தீர்வை கேட்டு வந்து நின்ற நிர்வாகத்தைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் சொல்வதை, கழற்றிக்கொண்டு போன ஒரு கதவு சொல்லிவிடுகிறது. கி.ரா. விவசாயிகள் போராட்டத்தில் நின்றவர், கம்யூனிஸ்டு கட்சியில் இருந்து சிறை சென்றவர். ஆனால் இந்தக் கதையில் கோஷம் ஒரு இடத்திலும் கேட்காது.

'நாற்காலி' கதையின் சுவையே வேறு. நாற்காலி இல்லாத ஒரு வீட்டுக்குப் பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் வந்து, முக்காலியில் உட்கார்ந்து, விழுந்துவிடுகிறார். வீட்டுக்கு ஒரு நாற்காலி செய்தே தீருவது என்று முடிவாகிறது. நாற்காலி வருகிறது. ஊரே வந்து பார்க்கிறது. அப்புறம் ஒரு ராத்திரி, ஊரில் ஒருவர் செத்துப்போக, பிணத்தை உட்கார வைக்க நாற்காலி கேட்டு வருகிறார்கள். அதன்பின் ஒவ்வொரு சாவுக்கும் வருகிறார்கள். வீட்டில் யாரும் அதில் உட்காரப் பயப்படுகிறார்கள். சிரித்துக்கொண்டே படித்துப் போவோம். ஒரு புதுப் பொருள் ஒரு கிராமத்துக்குள் நுழையும்போது அந்தஸ்து, பயம், பொறாமை எல்லாம் எப்படி இடம் மாறுகின்றன என்பதைப் படித்து முடித்த பிறகுதான் உணர்வோம். எங்கள் தெருவுக்கு முதல் பிரிட்ஜ் வந்த கதையை நான் இதை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

'கன்னிமை'தான் எனக்கு மிகப் பிடித்தது. நாச்சியாரம்மா என்று ஒரு பெண். முன்பாதியை அவளோடு அண்ணன் முறையில் வளர்ந்தவன் சொல்கிறான். கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிற, தொட்டதெல்லாம் துலங்குகிற பெண்ணாக அதில் வருகிறாள். பின்பாதியைச் சொல்வது அவளைக் கட்டிக்கொண்டவன். அதே கை இப்போது எண்ணிக் கொடுக்கிறது. அவள் வீட்டைக் காக்கிறாள், சேர்க்கிறாள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முன்பு இருந்த ஒன்று போய்விட்டது. இருபது வயதில் படித்தபோது நானும் அந்தக் கணவனோடு சேர்ந்து வருத்தப்பட்டேன். நாற்பதில் படித்தபோது நாச்சியாரம்மாவின் பக்கம் நின்றேன். இரண்டு ஆண்கள் மாறி மாறி அவளைப் பற்றிப் பேசுகிறார்கள், அவளைப் பேசவிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்டேன். அதைக் கேட்க வைக்கிற இடம் கதைக்குள்ளேயே இருக்கிறது.

'கோமதி'யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ விரும்புகிற ஒரு சமையல்காரரைப் பற்றிய கதை. இந்தப் பொருளைத் தமிழில் யாரும் எளிதில் தொடாத காலத்தில் எழுதியது. இன்றைக்குப் படிக்கிறவர்களுக்கு அதில் சில இடங்கள் உறுத்தலாம். எனக்கும் உறுத்தியது. ஆனாலும் அந்த மனிதரின் ஏக்கத்தைக் கேலி செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பார்வை அப்போதே அவரிடம் இருந்திருக்கிறது.

சிறுகதைத் தொகுப்புகள் பல பதிப்பாக வந்திருக்கின்றன. தேர்ந்தெடுத்த கதைகள் என்றும் உண்டு, மொத்தத் தொகுப்பும் உண்டு. முதல் தடவைக்கு மொத்தத் தொகுப்பு வேண்டாம். கனமான புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தால் சுமாரான கதைகளும் நடுவில் வரும், எல்லா எழுத்தாளருக்கும் அப்படி உண்டு. பொருளடக்கத்தைத் திறந்து கதவு, நாற்காலி, கன்னிமை, கோமதி நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் சின்னத் தொகுப்பே போதும்.

ஒரு விதிவிலக்கு. பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம், 'பிஞ்சுகள்' வாங்குங்கள். பறவைகள், முட்டைகள், அவற்றைத் தேடி அலைகிற ஒரு பையன். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டவும் நன்றாக இருக்கும்.

நாட்டுப்புறக் கதைகள் பெரிய கடல். அவர் ஊர் ஊராகக் கேட்டும், ஆட்களை அனுப்பியும் சேர்த்தவை. சில ஆங்கிலத்திலும் வந்திருக்கின்றன. வயது வந்தவர்களுக்கென்றே அவர் தனியாகத் தொகுத்த பாலியல் கதைகளும் உண்டு, அதை யார் கையில் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். என் அண்ணன் மகளுக்கு முதல் புத்தகம் என்ற கேள்வியில் இவை வராது.

அகராதியைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி' 1982-ல் வந்தது. ஒரு பல்கலைக்கழகத் துறை ஆள் அம்பு வைத்துச் செய்ய வேண்டிய வேலை. ஒரு சம்சாரி, நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு செய்துவிட்டார். சம்சாரி என்று எழுதினேன். கும்பகோணத்தில் எனக்கு இந்தச் சொல் தெரிந்த பொருள் வேறு, பெண்டாட்டி பிள்ளை உள்ளவன். இங்கே கரிசலில் சம்சாரி என்றால் விவசாயி. கல்யாணமாகி வந்த புதிதில், "அவரு பெரிய சம்சாரி" என்று யாரையோ சொன்னார்கள். பாவம், நிறையப் பிள்ளைகள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். காட்டை உழுது, மழையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவனைக் குடும்பஸ்தன் என்ற சொல்லாலேயே அழைக்கிற ஒரு மண் இது என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது. அகராதி அப்படிப்பட்ட சொற்களால் ஆனது. ஆனால் கதைகளைக் கேட்டுச் சொல்லின் மேல் ஆசை வந்த பிறகுதான் அது கைக்கு வர வேண்டும். முதலிலேயே வாங்கினால் அலமாரியில் நிற்கும்.

இரண்டு நாள் கழித்து அவளைக் கூப்பிட்டேன். சிறுகதையிலிருந்து தொடங்கு என்றேன். "வரலாறு எனக்குப் பிடிக்குமே அத்தை, கோபல்ல கிராமம் வேண்டாமா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, பிறகு என்றுதான் சொன்னேன். ஆங்கிலத்தில் படித்துவிடட்டுமா என்றும் கேட்டாள். நாவலின் நிகழ்ச்சிகளை மொழிபெயர்ப்பில் தெரிந்துகொள்ளலாம், மங்கத்தாயாரு அம்மாளின் குரலைத் தமிழில்தான் கேட்க முடியும் என்றேன். தமிழ் வாசிப்பு மெதுவாகத்தான் வரும் என்று தயங்கினாள். மெதுவாக வருவதே நல்லது, வாய்விட்டுப் படி, அறையில் யாரும் இல்லாதபோது படி என்றேன். கண்ணால் ஓட்டினால் அந்நியமாகத் தெரிகிற வாக்கியம், வாயால் சொன்னால் யாரோ தெரிந்தவர் பேசுகிற மாதிரி ஆகிவிடும். எனக்கே அப்படித்தான் பிடிபட்டது.

கூரியரில் சின்னத் தொகுப்பை அனுப்பிவிட்டேன். 'நாற்காலி' தொடங்குகிற பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். சிரித்துவிட்டுக் 'கதவு'க்குப் போகட்டும். அதையே முதலில் படித்துவிட்டால் மற்றவற்றுக்கு மனசு வராது. கோபல்ல கிராமம் என் அலமாரியில்தான் இருக்கிறது. தீபாவளிக்கு வருகிறேன் என்றிருக்கிறாள். அதற்குள் ஐப்பசி மழை விழுந்திருக்கும். ஒரு நாள் அவளைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு கையில் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.